சாதா, சாதாரணம், சராசரி... இதுல எது நடுவுல?

போன இதழ்ல ஒரு பதில்ல "சராசரி ஆளு யாருக்கும் இது புரியும்"னு போற போக்குல எழுதிட்டேன். அவ்ளோதான், பிடிச்சுக்கிட்டாங்க. 'சராசரின்னா யாரு, நானா?'ன்னு ஆரம்பிச்சு சாதாரணம், இயல்பு, மிதம், சுமார், மாமூல்னு நடுவுல நிக்கிற வார்த்தை அத்தனையையும் இழுத்துப் போட்டு வாட்ஸ்அப்லயும் போஸ்ட்கார்டுலயும் கேள்வியா வந்து குவிஞ்சிடுச்சு. (போஸ்ட்கார்டு இன்னும் வருதுங்க. ரெண்டு வந்துச்சு.) அதனால இந்த தடவை சினிமா, அரசியல் கேள்வி எல்லாம் ஓரமா வெச்சிட்டு இது மட்டும்.

கே: சராசரி மனுஷன்னு சொன்னாலும் சாதாரண மனுஷன்னு சொன்னாலும் ஒண்ணுதானே சார்? என் பொண்ணு இல்லவே இல்லங்குறா. ரெண்டு நாளா வீட்ல இதான் பேச்சு.
(ஒரு அப்பா, திருச்சி)

ப: நான் பொண்ணு கட்சி. எனக்கு தெரிஞ்ச ஒரே டெஸ்ட் என்னன்னா, ஒரு வார்த்தை மேல சந்தேகம் வந்தா அதுக்கு எதிர்ப்பதம் என்னன்னு கேட்டுப் பாக்குறது. சாதாரணத்துக்கு அசாதாரணம், டக்குனு வந்துடுது. சராசரிக்கு? அசராசரியா? கிடையவே கிடையாது. சராசரிக்கு மேல, சராசரிக்கு கீழ, அவ்ளோதான் சொல்ல முடியும், ஏன்னா அது ஸ்லேட்ல போட்ட கோடு மாதிரி, எல்லாத்தையும் கூட்டி தலைக்கு இவ்ளோன்னு வகுத்தா வர்ற நம்பர். அந்த நம்பர்ல நிஜமா ஒருத்தர் இருக்கணும்னு கட்டாயம் கூட இல்ல. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வே பிரகாரம் தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்கு சராசரியா 1.8 குழந்தை. அந்த 0.8 குழந்தைய எந்த வீட்டு தொட்டில்லயும் பாக்க முடியாது. ஆனா சாதாரண குடும்பம் அப்படி இல்லியே, போய் கதவைத் தட்டினா திறப்பாங்க, காபி கூட குடுப்பாங்க.

சாதாரணம் சமஸ்கிருதத்துலேர்ந்து வந்தது, 'பலருக்கும் பொதுவானது'ங்கறது அதோட பழைய அர்த்தம், அதனால தான் எங்க பாத்தாலும் கிடைக்கிற விஷயத்த 'சர்வ சாதாரணம்'னு சொல்றோம். 'சர்வ சராசரி'ன்னு யாராச்சும் சொல்லி கேட்டிருக்கீங்களா? சராசரி வந்த வழி வேற. அது பாரசீகம், உருது வழியா நம்ம கணக்கு நோட்டுக்குள்ள வந்து உக்காந்தது. 'ஒரு தலையிலேர்ந்து மறு தலை வரைக்கும்'ங்கறது மூலம், சர்தார், சர்க்கார்ல எல்லாம் முன்னாடி வருதே அதே 'சர்', தலை. சாமி பாட்டுல 'சராசரம்'னு வருமே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அது சரம் பிளஸ் அசரம், அசையுறதும் அசையாததும்.

இன்னொரு வேடிக்கை. பிராட்மேனோட டெஸ்ட் சராசரி 99.94. 1948ல ஓவல் மைதானத்துல கடைசி இன்னிங்ஸ், 4 ரன் எடுத்தா போதும் சரியா 100 ஆயிருக்கும், மனுஷன் ரெண்டாவது பால்லயே டக் அவுட். மொத்தம் 6,996 ரன், 70 தடவை அவுட், வகுத்துக்கோங்க. இப்ப சொல்லுங்க, அவரோட சராசரி 99.94, ஆனா அவரு சராசரி ஆட்டக்காரரா? 'ஓட சராசரி'ன்னா கணக்கு, அதையே தூக்கி ஆளுக்கு முன்னாடி வெச்சா மட்டம் தட்டுறது. சாதாரணம் அப்படி குத்தாது, 'அவன் சாதாரண ஆளு இல்லப்பா'ன்னா புகழ்ச்சி, 'நான் சாதாரண ஆளுங்க'ன்னா பணிவு, பொண்ணு பாக்க போன வீட்ல 'நான் ஒரு சராசரி ஆளுங்க'ன்னு எந்த மாப்பிள்ளையும் வாயத் திறக்க மாட்டான். ஆக போன இதழ்ல நான் எழுதினது தப்பு. 'சாதாரண ஆளுக்கும் புரியும்'னு திருத்தி படிச்சுக்கோங்க.

கே: என் ஜாதகத்துல 'சாதாரண வருஷம்'னு போட்டிருக்கு. மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.
(வாசகி, கும்பகோணம்)

ப: 60 தமிழ் வருஷத்துல அது 44வது, பேரே அதான். 1970 சித்திரைலேர்ந்து 71 பங்குனி வரைக்கும் பொறந்த எல்லாருக்கும் அதான் எழுதியிருக்கும். அடுத்து 2030ல வருது, இந்த தடவை பேரப்பிள்ளைகளுக்கு.

கே: அண்ணே, சாதாரண தோசைய தானே நாங்க சுருக்கி சாதா தோசைங்குறோம்? ஒரு கஸ்டமர் இல்லன்னு வாதாடுறாரு.
(ஹோட்டல் சப்ளையர், மதுரை)

ப: கஸ்டமர் சொன்னது தான் சரி தம்பி, அவருக்கு ஒரு காபி குடுங்க. சாதா தனி வார்த்தை. பாரசீகத்துல சாதா, ஹிந்திலயும் சாதா, மேல ஒண்ணும் சேக்காதது, வெறும், ப்ளெய்ன். டிசைன் இல்லாத துணி சாதா, பீடா கடையில 'ஸ்வீட்டா சாதாவா'ன்னு கேப்பான், மசாலா வெக்காத தோசை சாதா. எதிர்ப்பதம் போட்டுப் பாத்துருங்க, சாதாவுக்கு ஸ்பெஷல். 'ஒரு அசாதாரண தோசை'ன்னு நீங்க ஆர்டர் சொன்னா மாஸ்டர் கரண்டியோட வெளிய வந்துடுவாரு. 'ஒரு சாதா, நெய் ஊத்தி, வெங்காயம் தூவி, கொஞ்சம் பொடி போட்டு, முறுகலா'ன்னு கேக்குற ஆளுங்க உண்டு, அது எந்த வார்த்தைல சேத்தின்னு பில்லு போடும்போது அவருக்கே தெரியும்.

கே: "லேசானது முதல் மிதமான மழை"ன்னு நியூஸ்ல சொன்னாங்க. நம்பி துணி காயப்போட்டேன், சாயங்காலம் தெருவுல முட்டி அளவு தண்ணி, ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகல. மிதம்னா இதானா? அப்புறம் பாத்தா சீசன் முடிஞ்சதும் "இயல்பான மழை"ங்குறாங்க. கோவமா வருது.
(வாசகி, வேளச்சேரி, சென்னை)

ப: கோவம் நியாயம் தான், ஆனா வார்த்தை மேல பட வேண்டிய கோவமான்னு பாப்போம். மிதம்னா நாம நினைக்கிறது கம்மியா, மென்மையா, 'மிதமான சூட்டுல கிளறவும்'ல வர்ற மிதம். மூலத்துல அதுக்கு 'அளந்தது'ன்னு தான் அர்த்தம். அளவு தாண்டினா மிதமிஞ்சி, அளக்கவே முடியலன்னா அபரிமிதம், எல்லாம் ஒரே குடும்பம். வானிலை ஆபீஸ் நிஜமாவே ஸ்கேல வெச்சு அளந்து தான் அந்த பேர குடுக்குது. 24 மணி நேரத்துல 2.5லேர்ந்து 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை, 15.6லேர்ந்து 64.4 வரை மிதமான மழை, 64.5 தொட்டா தான் கனமழை, 115.6ல மிக கனமழை, 204.5லேர்ந்து அதி கனமழை.

அதாவது ஒரே நாள்ல 6 செ.மீ பேஞ்சாலும் புத்தகப்படி அது மிதம் தான். 6 செ.மீங்கறது கேக்க சின்னதா இருக்கு. உங்க வீட்டு மொட்டை மாடி 1,200 சதுர அடின்னு வெச்சுக்கோங்க, அது மேல விழுற 6 செ.மீ மழை கிட்டத்தட்ட 6,700 லிட்டர், சின்ன தண்ணி லாரி ஒண்ணை மாடியில கவுத்த மாதிரி. உங்க தெருவுல எத்தனை மாடி? அதுவும் அந்த 24 மணி நேரத்து மழை ஒரு மணி நேரத்துல கொட்டித் தீத்தாலும் மொத்தத்துல மிதம் மிதம் தான். வார்த்தை மேகத்துக்கு, முட்டி அளவு தண்ணி வடிகாலுக்கு, ரெண்டையும் ஒரே ஆளு மேல கேஸ் போட்டா நிக்காது.

அடுத்தது இயல்பு. சராசரிக்கும் இயல்புக்கும் வித்தியாசம் எங்கயாச்சும் பளிச்சுனு தெரியுதுன்னா அது மழைக் கணக்குல தான். பல வருஷ மழைய கூட்டி வகுத்து எடுக்குற சராசரி ஒரே ஒரு நம்பர், வடகிழக்கு பருவமழைக்கு, அதாவது அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசத்துக்கு, தமிழ்நாட்டுல அது சுமார் 44 செ.மீ. எந்த வருஷமாச்சும் சொல்லி வெச்ச மாதிரி 44 பேயுமா? பேயாது. அதனால அதுக்கு இந்தப் பக்கம் 19 சதவீதம், அந்தப் பக்கம் 19 சதவீதம் விட்டு, கிட்டத்தட்ட 36லேர்ந்து 52 செ.மீ வரைக்கும் எது பேஞ்சாலும் 'இயல்பு'ங்குறாங்க. சராசரி ஒரு புள்ளி, இயல்பு ஒரு பாய். பாய்ல எந்த மூலையில படுத்தாலும் பாய்ல தான் படுத்திருக்கோம். ரெண்டு நாள் பேய் மழை, பாக்கி நாள் பூரா சுள்ளுனு வெயில், கூட்டினா 45 வருதுன்னா சீசன் இயல்பு தான், உங்க ஸ்கூட்டி அந்த ரெண்டு நாள்ல மாட்டுச்சு, பாவம்.

மிதத்துக்கு எதிர்ப்பதம் கேட்டீங்கன்னா தீவிரம். 1907ல சூரத் காங்கிரஸ்ல பிரிஞ்சாங்களே, கோகலே பக்கம் மிதவாதிகள், திலகர் பக்கம் தீவிரவாதிகள், நம்ம வ.உ.சி. திலகர் பக்கம். நான் படிச்ச வரலாறு புத்தகத்துல அப்படியே 'தீவிரவாதி'ன்னு தான் போட்டிருந்துச்சு. இன்னிக்கு அந்த வார்த்தைய வ.உ.சி. பேரு பக்கத்துல எழுத கை வருமா? மிதம் இருந்த இடத்துலயே இருக்கு, எதிர்ல நின்ன வார்த்தை எங்கயோ போயிடுச்சு.

கே: எங்க கம்பெனியில "சராசரி சம்பளம் 68 ஆயிரம்"னு மீட்டிங்ல ஸ்லைடு போட்டு காட்டினாங்க. டீம்ல யாருமே 25 ஆயிரத்த தாண்டல. பொய் தானே?
(இளைஞர், கோவை)

ப: பொய்யின்னு சொல்ல முடியாம பண்றது தான் அதுல இருக்கிற சாமர்த்தியம். டீக்கடை பெஞ்சுல பத்து பேர் உக்காந்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க, ஒன்பது பேருக்கு 20 ஆயிரம், பத்தாவது ஆளு கார நிறுத்திட்டு வந்து வடை திங்குற முதலாளி, அவருக்கு 5 லட்சம். கூட்டினா 6,80,000, பத்தால வகுத்தா 68 ஆயிரம். கணக்கு வாத்தியார் கூட டிக் போட்டுடுவாரு. ஆனா பெஞ்சுல 68 ஆயிரம் வாங்குறவன் ஒருத்தனும் இல்ல, முதலாளி காசு குடுத்துட்டு எழுந்து போனதும் அதே பெஞ்சோட சராசரி 20 ஆயிரத்துக்கு விழுந்துடும், உங்க யாரு பாக்கெட்லயும் ஒத்த ரூபா குறையாம.

இங்க கேக்க வேண்டியது வேற வார்த்தை. சம்பளத்த சின்னதுலேர்ந்து பெருசா வரிசையா நிக்க வெச்சு நடுவுல நிக்கிற ஆளு எவ்ளோ வாங்குறாருன்னு பாக்குறது இடைநிலை அளவு. எந்த தொகைய ரொம்ப பேரு வாங்குறாங்கன்னு பாக்குறது முகடு. கூட்டி வகுத்தது கூட்டுச் சராசரி. மூணும் ஒன்பதாங்கிளாஸ்ல படிச்சது தான், பரீட்சைக்கு அப்புறம் மூணையும் ஒரே 'ஆவரேஜ்' சாக்குல போட்டு கட்டிட்டோம். உங்க பெஞ்சுல இடைநிலையும் 20 ஆயிரம், முகடும் 20 ஆயிரம். அடுத்த மீட்டிங்ல கைய தூக்கி 'இடைநிலை என்ன சார்'னு பணிவா கேளுங்க. கேக்குறதுக்கு முன்னாடி வேற வேலை பாத்து வெச்சுக்கிட்டா நல்லது.

கே: நாங்கள் இலங்கையில கணிதத்தில இடை, இடையம், ஆகாரம் எண்டுதான் படிச்சனாங்கள். உங்கட புத்தகத்தில வேற மாதிரி கிடக்கு. ஏன்?
(வாசகர், யாழ்ப்பாணம்)

ப: ரெண்டு அரசாங்கம், ரெண்டு பாடப்புத்தகம், ரெண்டு பக்கமும் தனித்தனியா உக்காந்து கலைச்சொல் ஆக்கினாங்க, அதான். உங்க இடை எங்க கூட்டுச் சராசரி, உங்க இடையம் எங்க இடைநிலை அளவு, உங்க ஆகாரம் எங்க முகடு. இதுல 'இடையம்' எனக்கு ரொம்ப பிடிக்கும், குட்டியா ஒரே சொல்லா இருக்கு, எங்களுது ரெண்டு சொல்லா இழுக்குது. ஆனா ஆகாரத்துல நான் உங்க கட்சி இல்லங்க. எங்க ஊர்ல ஆகாரம்னா சாப்பாடு, 'இந்த தரவின் ஆகாரம் யாது'ன்னு கேள்வித்தாள்ல வந்தா பாதி பேரு இட்லின்னு எழுதுவான். முகடு பரவால்ல, கூரை உச்சி கண்ணுல தெரியுது, படம் வரைஞ்சா எங்க கூட்டம் அதிகமோ அங்க தான் உசந்து நிக்கும்.

உங்ககிட்ட இருந்து நான் கத்துக்கிட்டது 'சாதாரண தரம்'. பத்து, பதினோரு வருஷம் படிச்சு எழுதுற பொதுப் பரீட்சைக்கு அந்தப் பேரு வெச்சு, அடுத்ததுக்கு 'உயர் தரம்'னு வெச்சிருக்கீங்க. பாருங்க, இங்க சாதாரணத்துக்கு எதிர்ப்பதம் உயர் ஆயிடுச்சு. என் டெஸ்ட் கடல் தாண்டினா வேற விடை குடுக்குது. 'பிள்ளை சாதாரண தரம் பாஸ்'னு எங்க பக்கத்து அம்மாகிட்ட சொன்னா, 'ஏன், நல்லா பண்ணலியா'ன்னு ஆறுதல் சொல்ல வந்துடுவாங்க.

கே: இங்கிலீஷ்ல 'மீடியன்'னு ஒரே வார்த்தை தான் சார், நம்ம பசங்களுக்கு ஏன் இத்தனை?
(கணித ஆசிரியை, விழுப்புரம்)

ப: ஆமா டீச்சர், புள்ளியியல்ல வந்தா இடைநிலை அளவு, முக்கோணத்துல வந்தா நடுக்கோடு, ரோட்டுல வந்தா சென்டர் மீடியன். எனக்கு இது குறையா தெரியல. வரிசையில நடு ஆளு வேற, முனையிலேர்ந்து எதிர் பக்கத்து நடுப்புள்ளிக்கு இழுக்குற கோடு வேற, பைபாஸ்ல அரளிச்செடி நட்டு வெச்சிருக்கிற திட்டு வேற. முக்கோணத்தோட மூணு நடுக்கோடும் சந்திக்கிற புள்ளிய நடுக்கோட்டு மையம்னு வெச்சாங்க பாருங்க, நடுவும் மையமும் ஒரே பேர்ல வந்து ரெண்டும் வேறன்னு காட்டிடுச்சு. மையம்னா ஊசி குத்துற மாதிரி ஒரே புள்ளி. நடுன்னா ஓரம் இல்லாத இடம் பூரா நடு தான், அதனால தான் நடுரோட்டுல பத்து பேரு நிக்க முடியுது.

கே: மத்தி மீனுக்கும் மத்திக்கும் சம்பந்தம் உண்டா?
(வாசகர், நாகர்கோவில்)

ப: குழம்புல மட்டும், கிண்ணத்து மத்தியில கிடக்கும்.

கே: மாமூல்னா லஞ்சம். அப்புறம் எப்படி பேப்பர்ல "நகரம் மாமூல் நிலைக்கு திரும்பியது"ன்னு போடுறாங்க? உண்மைய ஒத்துக்குறாங்களா?
(பெட்டிக்கடைக்காரர், சேலம்)

ப: சிரிச்சு முடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு அண்ணாச்சி. அரபியில பொறந்து உருது வழியா வந்த வார்த்தை அது, 'நடைமுறையில இருக்கிறது, எப்பவும் நடக்கிறது'ன்னு தான் அர்த்தம், ரொம்ப அப்பாவி வார்த்தை. நம்ம தாத்தா காலத்துல 'மாமூலா வர்ற பால்காரர்', 'மாமூல் டிபன்'னு சர்வ சாதாரணமா சொல்லுவாங்க. எப்பவும் நடக்கிறதுங்கறது எப்பவும் குடுக்கிறதுன்னு ஆகி, அதுலேர்ந்து எப்பவும் வாங்குறதுன்னு ஆகி, கடைசில பொருள் பூரா அந்தப் பக்கமே சாஞ்சிடுச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா லஞ்சத்துக்கு இது சரியான மாற்று இல்ல. ஒரு தடவை ஒரு காரியத்துக்கு குடுத்தா லஞ்சம். காரியமே இல்லாம, மாசம் பொறந்தா, கேக்காமலே எடுத்து நீட்டினா தான் மாமூல். வழக்கமா இருக்குங்கறது தான் அந்த வார்த்தையோட உயிர், அது இன்னும் அப்படியே இருக்கு.

பேப்பர்காரங்க இப்ப உஷாராயிட்டாங்க, 'இயல்பு நிலை'ன்னு மாத்திட்டாங்க பல பேரு. ஆனா ரெண்டும் ஒண்ணில்லையே. புயல் அடிச்சு ஓஞ்சு கடை திறந்து பஸ் ஓடுனா அது மாமூல் நிலை, பழையபடி. அது இயல்பான்னா யாருக்கு தெரியும், பஸ் எப்பவும் அரை மணி லேட்டா வர்ற ஊரா இருந்தா லேட்டா வர்றது தான் மாமூல், அத இயல்புன்னு ஒத்துக்க எனக்கு மனசு வரல. இதே கும்பல்ல வாடிக்கைன்னு ஒண்ணு இருக்கு. காலைல நடக்குறது அவருக்கு வழக்கம், கடன் வாங்கிட்டு போன எடுக்காம இருக்கிறது அவருக்கு வாடிக்கை. ரெண்டையும் இடம் மாத்தி வெச்சுப் பாருங்க, வாடிக்கையில லேசா ஒரு கடுப்பு ஒட்டிக்கிட்டு இருக்கும். வாடிக்கையாளர் மட்டும் எப்படியோ தப்பிச்சு மரியாதையா நிக்குறாரு.

கே: பிள்ளைய 'ஆவரேஜ் ஸ்டூடண்ட்'னு மிஸ் எழுதி அனுப்பியிருக்காங்க. தமிழ்ல இத மனசு நோகாம எப்படி சொல்றது?
(ஒரு அம்மா, தஞ்சாவூர்)

ப: எட்டு நூறு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லி வெச்சிட்டாங்கம்மா. 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல்ல மாணாக்கர தலை, இடை, கடைன்னு மூணா பிரிப்பாரு. தலை மாணாக்கர் அன்னம் மாதிரி, பசு மாதிரி. கடை மாணாக்கர் ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. நெய்யரின்னா நெய் வடிகட்டுற பன்னாடை, நெய்ய கீழ விட்டுட்டு கசட மட்டும் பிடிச்சு வெச்சுக்கும். நம்ம ஊர்ல பசங்கள அப்படி திட்டுறதுக்கு இலக்கணமே இருக்கு பாத்தீங்களா.

இடை மாணாக்கருக்கு அவரு குடுக்குற உவமை தான் அழகு, மண்ணும் கிளியும். மண்ணு உழவன் போட்ட உழைப்புக்கு ஏத்த மாதிரி விளையும், கிளி சொல்லிக் குடுத்தத சொல்லும். மட்டம் தட்டுற வேலையே இல்ல, கூடப் பாடுபட்டா கூட விளையும்னு அர்த்தம், பாதி பொறுப்ப தூக்கி வாத்தியார் தலையில வெச்சாச்சு. நாலடியார்ல நட்ப பத்தி சொல்லும்போதும் இதே மூணு தட்டு தான், கடைசி தட்டு நட்பு பாக்குமரம், தினம் தண்ணி ஊத்தணும், உச்சி தட்டு பனைமரம், வெச்ச அன்னிக்கு வெச்சது தான், இடையில தென்னை, அப்பப்ப கவனிச்சா போதும். தஞ்சாவூர்க்காரங்களுக்கு தென்னைய பத்தி நான் சொல்லணுமா.

ஆவரேஜுக்கு மேல கீழ தான் உண்டு, இடைக்கு ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க உண்டு. எழுத்துல கூட வல்லினம், மெல்லினம், இடையினம், ய ர ல வ ழ ள. தமிழின் சிறப்பு ழகரம்னு மேடை போட்டு பேசுறோமே, இலக்கணக் கணக்குல அது மிடில் கிளாஸ். மிஸ்ஸுக்கு பதில் எழுதும்போது 'என் பிள்ளை மண்ணும் கிளியும்'னு எழுதுங்க, அவங்க நன்னூல தேடிப் போகட்டும்.

கே: ரத்தப் பரிசோதனையில எல்லாம் நார்மல், ஒண்ணு மட்டும் நார்மலுக்கு கொஞ்சம் வெளியன்னு வந்திருக்கு. டாக்டர் பாத்துட்டு 'ஒண்ணும் இல்ல, நார்மல் தான்'ங்குறாரு. யார நம்புறது?
(ஓய்வு பெற்றவர், ஈரோடு)

ப: டாக்டரத்தான். ரிப்போர்ட்ல உங்க நம்பருக்கு வலது பக்கம் 'இதுலேர்ந்து இது வரை'ன்னு ஒரு கட்டம் இருக்குமே, பெரும்பாலும் அது எப்படி வருதுன்னா, நல்லா ஆரோக்கியமா இருக்கிறவங்கள அளந்து, அதுல நடுவுல வர்ற 95 சதவீதம் பேர வெச்சு போடுறது. அப்ப ஆரோக்கியமான 20 பேருல ஒருத்தர் கோட்டுக்கு வெளிய நிக்க தான் செய்வாரு, கணக்கே அப்படி. பேப்பர்ல இருக்கிற நார்மல் கூட்டத்துல பெரும்பாலானவங்க எங்க நிக்குறாங்கன்னு சொல்லுது, டாக்டர் சொல்ற நார்மல் உங்களுக்கு கோளாறு இல்லன்னு சொல்லுது. ஒரே வார்த்தை, ரெண்டு வேலை. காய்ச்சலுக்கு 98.6ங்குறோமே, அது 1868ல வுண்டர்லிக்னு ஒரு ஜெர்மன் டாக்டர் வெளியிட்ட 37 டிகிரி சென்டிகிரேடோட பாரன்ஹீட் வடிவம், அதுவும் ஒரு சராசரி தான், அதுக்கு முன்ன பின்ன இருக்கிறவங்களுக்கு காய்ச்சல் இல்ல.

டாக்டரோட நார்மலுக்கு நம்ம இலக்கணத்துல அச்சடிச்ச மாதிரி ஒரு இடம் இருக்கு, இயல்பு புணர்ச்சி. பொன்னும் மலையும் சேந்தா பொன்மலை, ஒரு எழுத்தும் மாறல, இயல்பு. பொன்னும் குடமும் சேந்தா பொற்குடம், ன் போய் ற் ஆயிடுச்சு, அது விகாரம். உங்க ரிப்போர்ட் பொன்மலைன்னு டாக்டர் சொல்லிட்டாரு, விடுங்க. ஆனா அடுத்த தடவையும் ஏதாச்சும் வெளிய வந்தா அவர்கிட்டயே காட்டுங்க, என்கிட்ட வேண்டாம். இந்த நார்மல்ங்கற வார்த்தை ஒரே ஒரு இடத்துல எனக்கு பிடிக்கல, நார்மல் டெலிவரி. ஆபரேஷன் பண்ணி பெத்தவ என்ன அப்நார்மலா? சுகப்பிரசவம்னு சுகமா ஒரு வார்த்தை கைல இருந்துச்சு.

கே: எங்க வீட்டம்மா சமைச்ச வத்தக்குழம்ப 'சுமாரா இருக்கு'ன்னேன், பேச்சுவார்த்தை நின்னு போச்சு. சுமார்னா தோராயமான்னு தானே அர்த்தம்?
(வாசகர், பேர், ஊர் வேண்டாம்னுட்டார்)

ப: நம்பருக்கு முன்னாடி வந்தா தோராயம். சுமார் 200 பேர் வந்தாங்க, யாருக்கும் கோவம் இல்ல. பாரசீகத்துல ஷுமார்னா எண்றது, கணக்கு, உருதுல மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 'மர்தும் ஷுமாரி'ன்னே பேரு. எண்ணி சொல்ற வார்த்தை இங்க வந்து எண்ணாம சொல்றதுக்கு ஆயிடுச்சு, அங்கேர்ந்து வழுக்கி சாப்பாட்டுக்கு வந்தப்ப 'பக்கத்துல வந்துச்சு, ஆனா வரல'ன்னு ஆயிடுச்சு. வெளியூர்க்காரன் அகராதி பாத்தா 'ஓரளவு'ன்னு போட்டிருக்கும், ஓரளவு வேற சுமார் வேறங்கறது உங்களுக்கு இப்ப புரிஞ்சிருக்கும், ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?

நீங்க சொல்லியிருக்க வேண்டியது 'பரவால்ல'. ரெண்டும் நடு தட்டு தான், ஆனா சுமார் மேலேர்ந்து இறங்கி வந்து நிக்கிற நடு, எதிர்பாத்த அளவுக்கு இல்லங்கறது. பரவால்ல கீழேர்ந்து ஏறி வந்த நடு, பயந்த அளவுக்கு மோசமில்லங்கறது. 'பரவா'ன்னா பாரசீகத்துல கவலை, ஆக 'கவலை இல்லை'. படம் எப்படின்னு கேட்டா 'சுமார்'னு சொன்னா டிக்கெட் மிச்சம், 'பரவால்லடா'ன்னு சொன்னா செகண்ட் ஷோவுக்கு கிளம்பலாம். ஆனா எச்சரிக்கை, பரவால்ல இழுக்குற இழுப்புல இருக்கு. முதல் வாய் சாப்பிட்டதும் புருவத்த தூக்கி 'பரவால்லியே!'ன்னா அது பாராட்டு, கூட 'பரவால்லியே, உனக்கு கூட வருதே'ன்னு சேத்தீங்கன்னா முடிஞ்சு போச்சு. தட்ட பாத்துக்கிட்டே 'ம்ம்... பரவால்ல'ன்னா சுமாரே தேவலாம்.

வத்தக்குழம்பு ரெண்டாவது நாள் தான் செட்டாகும். நாளைக்கு அதே சட்டியிலேர்ந்து ரெண்டாந்தடவ கேட்டு வாங்கி ஊத்திக்கோங்க, வாயத் திறக்காதீங்க.